கத்தாமல் கத்தி பிடிக்க ஓர் இடம்

என் மகளின் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கும் ரப்பருக்கும் நடுவே இரண்டு பஞ்சு உருண்டைகள் இருந்தன. பென்சில் சீவிக் கொடுக்கலாம் என்று திறந்தபோதுதான் பார்த்தேன். சுண்டைக்காய் அளவு. நன்றாக உருட்டி அழுத்தி வைத்திருந்தாள். பள்ளியில் ஏதோ கைவேலை கொடுத்திருப்பார்கள் போல என்று நினைத்து, "இது இன்னாத்துக்கும்மா?" என்று கேட்டேன். அவளுக்கு எட்டு வயது. பொய் சொல்ல இன்னும் வராது.

"நீ கத்தும்போது காதுல வெச்சிக்கிறதுக்கு நைனா" என்றாள்.

புகாராகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை என்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பென்சிலுக்காகக் கையை நீட்டினாள். சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் பத்து வார்த்தை பேசுகிற என் மனைவி அன்றைக்கு, "பாத்தியாய்யா" என்று ஒரே வார்த்தையோடு விட்டுவிட்டாள்.

நான் கத்துகிறவன். மழுப்ப ஒன்றுமில்லை. குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது, எல்லாம் தொண்டைதான். ராமகுப்பம் பக்கத்தில் நான் வளர்ந்த வீட்டில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். இந்த வரப்பில் நின்றுகொண்டு நாலு வரப்பு தள்ளி இருக்கிறவரைக் கூப்பிட வேறு வழியும் இல்லை. ஆனால் சித்தூரில் நாங்கள் குடியிருப்பது இரண்டே அறை. கேஸ் சிலிண்டர் வரத் தாமதமானால் கத்துவேன். செருப்பு மாறிக் கிடந்தால் கத்துவேன். அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, வா பஜ்ஜி வாங்கித் தருகிறேன் என்று மகளைக் கூப்பிடுவேன். மறந்தது நான் மட்டும்தான் என்று அந்தப் பஞ்சைப் பார்க்கிறவரை எனக்கு உறைக்கவில்லை. சீ, என்ன மனுஷன் நான்! பெற்ற பிள்ளை என்னிடமிருந்து தப்பிக்க மருந்து டப்பாவிலிருந்து பஞ்சைத் திருடியிருக்கிறது.

நான் கத்தாமல் இருந்த காலமும் ஒன்று உண்டு. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒப்பந்த வேலைக்கு ஜப்பான் போனேன். கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை, நான்கு வருஷம். போன புதிதில், ஹாஸ்டலில் குக்கரை யார் கழுவுவது என்பதற்காக நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிடத்து ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. மறுநாள் எங்கள் ஃபோர்மன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு விளையாட்டுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். தண்டனை என்றுதான் நினைத்தேன்.

மரத்தரையில் எட்டுப் பேர் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. இடுப்பிலிருக்கிற உறையிலிருந்து கத்தியை உருவுவது, எதிரே இல்லாத ஓர் ஆளை வெட்டுவது, திரும்ப உறையில் போடுவது. அவ்வளவுதான் வித்தை. இயாய்தோ என்று பெயர். கெண்டோ என்று இன்னொன்று இருக்கிறது. அதில் கவசம் மாட்டிக்கொண்டு, அடிக்கிறபோது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். என்னை அதில் விடாமல் இதில் விட்ட ஃபோர்மனின் மூளையை இன்றைக்கும் மெச்சுகிறேன்.

உருவுவது எவனுக்கும் வரும். கோபக்காரனுக்கு இன்னும் நன்றாகவே வரும். திரும்பப் போடுவதில்தான் இருக்கிறது சங்கதி. உறையைக் குனிந்து பார்க்கக் கூடாது. கத்தியின் முதுகை இடதுகை விரல்களுக்கு நடுவே இழுத்து, முனை உறையின் வாயைத் தொட்டதும் மெதுவாக உள்ளே விட வேண்டும். அவசரப்பட்டால் விரலில் குத்தும். பயிற்சிக் கத்திக்குக் கூர் கிடையாது, ஆனால் முனை இருக்கிறதே. முதல் வருஷம் முழுக்க என் இடதுகையில் பிளாஸ்திரி. இரண்டாம் வருஷம் பிளாஸ்திரி குறைந்தது. கடைசி வருஷத்தில் ஹாஸ்டல் குக்கரை நானேதான் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்பியபோது கத்தியை அங்கேயே ஒரு நண்பனிடம் கொடுத்துவிட்டு, மரக்கத்தி ஒன்றை மட்டும் கொண்டுவந்தேன். அது மூன்று வருஷமாக அலமாரிக்கு மேலே கிடந்தது. தனியாகச் செய்ய வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். செய்யாமலா இருந்தேன்? மொட்டை மாடியில் ஒரு காலைவேளை ஆரம்பித்தேன். எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் ஈரத்துணியைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குச் சாமி வந்துவிட்டதாம். மத்தியானம் வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "ஏம்பா, இண்ட்லோ ஏமன்னா கொடவா?" என்று, வீட்டில் ஏதாவது சண்டையா என்று, தணிந்த குரலில் விசாரித்தார். அதற்கப்புறம் அறைக்குள்ளேயே ஃபோனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்து வீடியோ பார்த்துச் செய்தேன். 'மூச்சை மெதுவாக விடுங்கள்' என்கிற இடத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அந்த ஃபோனைப் பார்த்து நான் போட்ட கத்தலோடு அதுவும் முடிந்தது. எதிரே ஒருவர் உட்கார்ந்து கவனிக்காவிட்டால் எனக்கு வராது. என் குறைதான்.

பஞ்சைப் பார்த்த மறுநாள் மனைவியிடம் சொன்னேன். "நான் மறுபடியும் கத்தி கத்துக்கணும்."

"கத்தறதுக்கு நீ இன்னும் கத்துக்கணுமா?" என்றாள்.

நான் சொன்னது வேறு கத்தி. அவள் எடுத்துக்கொண்டது வேறு. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அவள் சிரிப்பு சீக்கிரமே நின்றது. "போன்ல இருந்த நைனாவே நல்லா இருந்தாருன்றா அவ. உனக்குத் தெரியுமா? எங்கனா போய்க் கத்துக்கினு வா. திரும்பி ஜப்பானுக்கு மட்டும் போயிடாத" என்றாள்.

போன்ல இருந்த நைனா. அந்த நான்கு வருஷமும் வாரத்துக்கு மூன்று தடவை வீடியோவில் சிரித்துக்கொண்டே பேசிய ஆள். அவனைத்தான் என் மகள் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கும் அவன்தான் தேவைப்பட்டான்.

ஒரு மாதம் சித்தூரைச் சல்லடை போட்டுச் சலித்தேன். ஒரு கராத்தே மாஸ்டர், "சாமுராய்தானே? ஆனுவல் டேக்குப் போட்டுடலாம் சார், கத்தியெல்லாம் தெர்மாகோல்ல நாங்களே செய்வோம்" என்றார். இன்னொரு இடத்தில் வாள் என்றதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யாருக்கு, எதற்கு என்று கேட்டார்கள். பெங்களூரில் இருக்கிறது, சென்னையில் இருக்கிறது என்று இணையம் சொன்னது. வாரத்தில் ஒரு நாள் லீவு உள்ளவன் அந்த ஒரு நாளையும் ரயிலில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், பிள்ளைக்கு எப்போது முகம் காட்டுவது?

நான் இப்போது வேலை செய்வது சித்தூரை ஒட்டிய ஒரு லேத் ஒர்க் ஷாப்பில், சூப்பர்வைசராக. அங்கே திருச்சானூர்க்காரர் ஒருவர் லேத் ஓட்டுகிறார். தெலுங்குக்காரர், தங்கமான மனுஷர். அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் நான் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை, முட்டாளைத் திட்டுகிற வார்த்தை. காதுக்கு அது நம்முடைய 'பக்கா' மாதிரியே கேட்கும். அளவு தப்பிய ஒவ்வொரு தடவையும் நான் அவரைப் பார்த்து அதைத்தான் கத்துவேன். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "தேங்க்ஸ் சார்" என்பார். தமிழிலும் தெலுங்கிலும் பக்கா என்றால் கச்சிதம் ஆயிற்றே. நான் திருத்தவில்லை. திட்டின திருப்தி எனக்கு, பாராட்டு வாங்கின திருப்தி அவருக்கு என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் டீ குடிக்கும்போது அவரிடம் என் பாட்டைச் சொன்னேன். சாமுராய் கத்தி கற்றுக்கொள்ள இடமே இல்லை என்று.

"சாமுனா சார்?" என்று டம்ளரைக் கீழே வைத்தார். "மா வீதிலோனே நேர்ப்பிஸ்தாரு! பிரதி ஆதிவாரம்!" எங்கள் தெருவிலேயே சொல்லித்தருகிறார்கள், ஒவ்வொரு ஞாயிறும் என்கிறார்.

"கத்தி கூடவா?"

"கத்தி கூடா உண்டாதி சார்!"

அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த ஞாயிறு விடிந்ததும் மரக்கத்தியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். கண்டக்டர் பொட்டலத்தைத் தட்டிப் பார்த்து, கிரிக்கெட்டா என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். திருப்பதியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் திருச்சானூர். இரண்டு பக்கமும் அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் பூக்கூடையோடு நெருக்க, நடுவில் என் கத்தி. லேத்காரர் சொன்ன அடையாளப்படி லாட்ஜுகளுக்குப் பின்னால் இருந்த சந்தில் திரும்பினேன். தகரம் போட்ட பெரிய கூடம். உள்ளே முப்பது பேர் விர் விர்ரென்று கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

கர்ரசாமு. கம்பு சுற்றுகிற வித்தைக்குத் தெலுங்கில் அதுதான் பேர். கத்தி சுற்றினால் கத்திசாமு. என் சாமுராயில் லேத்காரர் சாமுவை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, மிச்சமிருந்த 'ராய்' என் தமிழ் நாக்கின் கோளாறு என்று மன்னித்துவிட்டிருக்கிறார்.

கம்பு நல்ல வித்தைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது அதில்லையே! இரண்டு மணி நேரமும் பஸ்ஸில் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு வந்திருந்தேன். இந்தத் தடவை வீட்டுக்குப் போய் மகளிடம் என்ன சொல்வேன்? சந்தில் நின்றபடியே லேத்காரருக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். முதலில் தெலுங்கில், அது தீர்ந்ததும் தமிழில். அதுவும் தீர்ந்ததும், "பக்கா! பக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு அவர் ஃபோனை வைத்தார்.

"சார், அது நம்மூர் பக்கா இல்லையே?" என்று பின்னால் ஒரு குரல், தமிழில்.

திரும்பினேன். முப்பது வயது இருக்கும் ஒரு பெண். நெற்றியில் மெல்லிய திருச்சூர்ணக் கோடு, பருத்திச் சுடிதார், தோளில் நீளமான துணிப்பை. "அந்தூர்ல இப்படிச் சொன்னா யாரும் தேங்க்ஸ் சொல்லமாட்டா" என்று சிரித்தார். அவர் தோளிலிருந்த பையையும் என் கையிலிருந்த போர்வைப் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஒரே நீளம்.

அவருடைய வீட்டில் தலைமுறையாகக் கோவில் கைங்கரியம். இவர் மட்டும் ஜப்பானிய மொழி படித்து, அங்கே ஆறு வருஷம் இருந்து, இயாய்தோவும் பழகி, இப்போது வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறார். கம்புக்காரர்கள் பத்து மணிக்குப் போனதும் இதே கூடத்தில் இன்னும் மூன்று பேரோடு பயிற்சி. "போர்டு போடல சார். போட்டா கராத்தேன்னுட்டு வந்துடறா" என்றார்.

அப்பாடா! கூடத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சித்தூர் முழுக்க அலைந்து தேடினது, ஒரு காது தப்பாகக் கேட்டதில் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தம்மாள் இன்னும் முடித்திருக்கவில்லை.

"சேத்துக்கறதுல ஒண்ணுமில்ல. ஆனா நீங்க கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுது. நாங்க நாலு பேரும் இங்க வரதே அமைதியா இருக்கலாம்னுதான்" என்று நயமாகவே சொன்னார். கையில் வந்தது நழுவப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் பஞ்சைப் பற்றிச் சொன்னேன். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், படியில் உட்கார்ந்துகொண்டு, காம்பஸுக்கும் ரப்பருக்கும் நடுவே என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன்.

அவர் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தார். பிறகு, "இன்னிக்கே உக்காருங்கோ" என்றார்.

கம்புகள் போனபின் கூடம் வேறு கூடமாகிவிட்டது. அவர் கடனாகக் கொடுத்த மரக்கத்திக்கு பிளாஸ்டிக் உறை இருந்தது. மண்டி போட்டேன். மூன்று வருஷம் மண்டி போடாத முட்டி வலியில் ஐயோ என்றது, நான் வாயை இறுக்கிக்கொண்டேன். உருவினேன், வெட்டினேன். திரும்பப் போடும்போது வழக்கம்போல அவசரம், முனை விரலில் இடித்தது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான ஆசிரியை எதிரே உட்கார்ந்து, "மெதுவா சார். கத்தி எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, 'டக்'கென்று உறையில் போய் உட்கார்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இல்லை. திரும்பி வரும்போது சித்தூர் வரை பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனையோ காலமாகியிருந்தது.

திங்கட்கிழமை லேத்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். அந்த பக்காவுக்கு என்ன அர்த்தம் என்று. அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "அய்த்தே இன்னாள்ளு திட்டினாரா சார்?" என்றார். இத்தனை நாளும் திட்டினீர்களா என்று. ஆமாம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் சிரிக்கத்தான் பார்த்தார், ஆனால் சரியாக வரவில்லை. தினமும் சார் என் வேலையைப் பக்கா என்கிறார் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம். அந்த வார்த்தையை அதற்கப்புறம் நான் வாயில் எடுக்கவில்லை. அவர் வேலை நன்றாக இருக்கிற நாளில் நம்மூர் பக்காவையே தெலுங்கில் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். முதல் வாரம் சந்தேகமாகப் பார்த்தார். இப்போது பழையபடி தேங்க்ஸ் வருகிறது.

ஒரே மாதத்தில் நான் சாதுவாகிவிட்டேன் என்று சொன்னால் என் மனைவியே நம்பமாட்டாள். நாலாவது வாரம், தண்ணி மோட்டாரை யாரோ அணைக்காமல் விட்டு மாடியெல்லாம் வெள்ளம். வாயைத் திறந்துவிட்டேன். முதல் வார்த்தையிலேயே மகளின் கை ஜாமெட்ரி பாக்ஸ் பக்கம் போனதைப் பார்த்தேன். பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு, வாய் திறந்தபடியே நின்றேன்.

"இன்னாய்யா, கரண்டு போச்சா?" என்றாள் மனைவி.

மகள்தான் முதலில் சிரித்தாள். நான் போய் மோட்டாரை நிறுத்தினேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் போயிருக்கும். சித்தூர் வெயிலில் மரக்கத்தி வெடித்துவிடும், எண்ணெய் தடவி வையுங்கள் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். ஒரு சாயங்காலம் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்து, "பஞ்சு கொஞ்சம் இருந்தா குடேன்" என்றேன்.

"இருந்த பஞ்சத்தான் ஒரு திருடி எடுத்துக்கினு போயிட்டாளே" என்று மனைவி உள்ளேயிருந்து வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அந்தப் பஞ்சைப் பற்றி நாங்கள் அதுவரை மறுபடி பேசியதே இல்லை.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். இரண்டு உருண்டைகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பென்சில் கரி ஒட்டிக் கறுத்திருந்தன.

எனக்குப் பயமாக இருந்தது. நிஜமாகவே பயம். "எதுக்கும் ஒண்ணு நீயே வெச்சிக்கோம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கணக்குப் பரீட்சைக்கு யோசிக்கிற மாதிரி நன்றாக யோசித்தாள்.

"ரெண்டும் எடுத்துக்கோ நைனா" என்றாள். "வோணும்னா திருப்பிக் கேக்கறேன்."

சரி என்று கையை நீட்டினேன்.